பழைய ஜெனரேட்டரைப் பயனுக்குக் கொணர்தல்

தென்காசி வட்டாரத்துச் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுங்கால், நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், கிட்டங்கியின் ஒரு மூலையில் சாக்குப் போர்த்திய பொருள் ஒன்றை நாம் காண்பதுண்டு. தளவாடச் சாமான் பதிவேட்டில் அதற்கென ஒரு வரி இருக்கும். ஆண்டுதோறும் தேய்மானம் தவறாமல் கழிக்கப்பட்டிருக்கும். அஃது என்னவென்று வினவினால், "ஜெனரேட்டர் சார், கரண்ட் இல்லாத காலத்தில் வாங்கியது, இப்போது ஓடுவதில்லை" என்று செயலர் விடையிறுப்பார். எப்போது ஓடாமற்போயிற்று, ஏன் ஓடாமற்போயிற்று என்று மேலும் கேட்டால் விடை கிடைப்பது அரிது. ஓடாத யந்திரத்துக்குத் தேய்மானம் எழுதத் தெரிந்த நமக்கு, அதை ஓடவைக்கும் வழி தெரியாதிருப்பது விசித்திரமே.

அவ்வழியைப் பற்றியே இக்கட்டுரை. இங்கு நாம் கூறப்புகுவது கையால் தூக்கியோ இருவராகச் சுமந்தோ செல்லத்தக்க சிறு பெட்ரோல் ஜெனரேட்டரைப் பற்றி மட்டுமே. லாரியில் ஏற்றிவரும் பெரிய டீசல் செட்டுகள் வேறு இனம், அவற்றுக்குத் தனிப் பணியாளரே வேண்டும்.

நம் பகுதிக்கு மின்சாரம் புதிதன்று. தாமிரவருணி மலையிலிருந்து இறங்குமிடத்தில் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ஆம் ஆண்டிலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பிச் சுரண்டையிலும் ஆலங்குளத்திலும் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அவ்வாறிருந்தும் 2008 முதல் ஏறத்தாழ 2014 வரை தமிழ்நாடு கண்ட மின்வெட்டை நெசவாளர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். 2012-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னை நீங்கலான மாவட்டங்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரமும் அதற்கு மேலும் மின்சாரம் நின்றது. சங்கரன்கோயிலிலும் புளியங்குடியிலும் விசைத்தறிகள் ஓய்ந்தன. குழித்தறியில் அமர்ந்தவருக்கும் இரவில் பாவின் இழை தெரிய ஒரு விளக்கு வேண்டியிருந்தது. அக்காலத்தில் புதிதாகவும் பழையதாகவும் வாங்கப்பட்டவையே இன்று சாக்குக்குள் உறங்குகின்றன.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை இங்கு நினைவுகூர வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தென்காசி மாவட்டமும் தப்பவில்லை. கம்பங்கள் சாய்ந்து, துணை மின் நிலையங்களில் நீர் புகுந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. பால் சங்கத்தில் கொழுப்பளக்கும் கருவி நின்றால் பால் வாங்க இயலாது. கைப்பேசி உயிரற்றுப்போனால் உதவி கேட்கவும் இயலாது. இத்தகைய நாளில் ஒரு சிறு ஜெனரேட்டர் ஓர் ஊருக்கே பயன்படும். ஆனால் ஆண்டுக்கணக்கில் தீண்டப்படாத யந்திரம் மழையன்று கயிற்றை இழுத்தவுடன் ஓடிவிடுமென்று எதிர்பார்ப்பது, உழாத நிலத்தில் அறுவடைக்குச் செல்வதை ஒக்கும்.

ஒன்றை முதற்கண் கூறிவிடுகிறோம். இந்த யந்திரம் அவசரத்துக்கேயன்றி அன்றாடத் தொழிலுக்கு உரியதன்று. 2 கே.வி.ஏ. அளவுள்ள செட்டு ஏறக்குறைய முழுப்பளுவில் ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதற்கு ஈடாகக் கிடைப்பது சுமார் ஒன்றரை யூனிட். பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாய்க்கு மேல் விற்கையில், ஒரு யூனிட்டின் அடக்கவிலை 70 ரூபாயை நெருங்கும். கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் கட்டணமின்றி வழங்க 2023-இல் அரசு ஆணையிட்டது. அதனோடு இக்கணக்கை வைத்துப் பார்த்தால் அங்கத்தினர் யாவருக்கும் உண்மை விளங்கும்.

வாங்குமுன் ஆராய வேண்டுவன

பழைய செட்டு கைமாறும் இடங்கள் பல. குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் காலத்தில் தற்காலிகக் கடைகள் பெருகும். பருவம் முடிந்து கடை பிரிக்கையில் சிலர் யந்திரத்தையும் விற்றுவிடுவர். பந்தல் அமைப்போரிடமும் பழைய செட்டுகள் கிடைக்கும். விற்பவர் சங்கத் தலைவரை நோக்கி, "அண்ணாச்சி, ஒரே இழுப்பில் ஓடும்" என்று கூறி அவ்வாறே ஓட்டியும் காட்டுவார். ஆயின் நாம் செல்லுமுன்பே அதனை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தாரா என்பதை முதலில் கையால் தொட்டறிய வேண்டும். சூடான என்ஜின் தன் குறைகளை மறைத்துவிடும். குளிர்ந்த நிலையில் ஓட்டிக்காட்டச் சொல்வதே முறை.

விலை பேசுமுன் நம் தேவை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டாக வேண்டும். பத்து எல்.இ.டி. விளக்குகளும் ஒரு கணிப்பொறியும் எடைத்தராசும் 500 வாட்டுக்குள் அடங்கும். தார் சுற்றும் கால் குதிரைத்திறன் மோட்டாரையும் சிறு செட்டு தாங்கும். ஆனால் 1 குதிரைத்திறன் விசைத்தறி மோட்டாரின் நிலை வேறு. ஓடும்போது அது ஏறக்குறைய 1,000 வாட் மட்டுமே எடுத்துக்கொண்டாலும், புறப்படும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 2 கே.வி.ஏ. செட்டு அக்கணத்தில் திணறி நின்றுவிடும், அல்லது மின்னழுத்தம் சரிந்து மோட்டார் ஓடாமல் சூடேறும். அதற்கு 3 கே.வி.ஏ.வுக்குக் குறையாத செட்டு வேண்டும். கிணற்றிலுள்ள 5 குதிரைத்திறன் பம்புசெட்டைக் கைச்செட்டால் ஓட்டலாமா என்று எலுமிச்சை பயிரிடும் அங்கத்தினர் பலர் நம்மிடம் கேட்டதுண்டு. இயலாது என்பதே விடை.

அடுத்து நோக்க வேண்டியது அடையாளத் தகடு. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. இரு துருவ ஜெனரேட்டரில் இதைப் பெற என்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த சில செட்டுகளில் 60 சுழற்சி, 3,600 சுற்று என்றும், 120 வோல்ட் என்றும் பொறித்திருக்கும். விலை எவ்வளவு மலிவாயினும் அவை நமக்கு ஆகா. நம் நாட்டிலேயே சிறு செட்டுகளின் உற்பத்தி 1980-களில் வேர்கொண்டது. ஸ்ரீராம் ஹோண்டா, பிர்லா யமஹா என்ற பெயர்கள் தாங்கிய அக்காலத்து யந்திரங்கள் இன்றும் கண்ணில் படுகின்றன. உதிரி பாகம் கிடைக்குமா என்று தென்காசியிலோ திருநெல்வேலியிலோ விசாரித்த பின்னரே அவற்றைத் தொடவேண்டும்.

பழைய ஜெனரேட்டர் என்ஜினைக் குறைத்து மதிப்பிட வேண்டா என்பதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில், ராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் அளித்துவந்த சிறு என்ஜின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. சொய்ச்சிரோ ஹோண்டா 1946-இல் அவற்றை வாங்கிச் சீர்திருத்தி மிதிவண்டிகளில் பொருத்தி விற்றார். அத்தொழிலே பின்னர் உலகறிந்த நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனம் 1965-இல் கையால் தூக்கத்தக்க ஜெனரேட்டரையும் வெளியிட்டது.

நிற்க. என்ஜினை ஆராயும் முறைக்கு வருவோம். ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கயிற்றை மெல்ல இழுத்தால் ஓரிடத்தில் கை தடைப்பட வேண்டும். அத்தடை உள்ளே காற்று அழுத்தம் பிடித்துநிற்பதற்கு அடையாளம். தடையின்றிக் கயிறு வழுக்கிக்கொண்டே வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். ஆயில் அளவுகோலை உருவிப் பார்க்கையில் ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது. ஓடும்போது நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதியாகவோ காற்று குறைவாகவோ செல்கிறது. கரும்புகையைச் சிறு செலவில் தீர்க்கலாம். நீலப்புகைக்குச் செலவு பெரிது, விலையை அதற்கேற்பக் குறைத்தாக வேண்டும்.

மின்சாரப் பகுதியைச் சோதிக்க வோல்ட் மீட்டரும், சுழற்சியை அளக்கவல்ல கருவியும், பளுவுக்கு ஓர் இஸ்திரிப் பெட்டியும் போதும். பளுவின்றி ஓடுகையில் 52 சுழற்சி வரை காட்டலாம். முழுப்பளுவில் அது 50-ஐ ஒட்டி இறங்க வேண்டும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை மாட்டிக் கால் மணி நேரம் ஓட்டி, மின்னழுத்தம் நிலைத்து நிற்கிறதா, கருகல் வாடை வருகிறதா என்று கவனிக்க வேண்டும். ஒரு நிமிடம் விளக்கெரியக் கண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பது விவேகமன்று. அழுத்தம் குறைந்தால் வேகத்தைக் கூட்டும் திருகாணியைத் திருகிச் சரிசெய்வதாகச் சிலர் கூறுவர். அதற்கு இடந்தரலாகாது. அளவுக்கு மீறிய வேகத்தில் சுழற்சி மிகும், மோட்டார்கள் கெடும், என்ஜினின் ஆயுளும் குறுகும்.

உறங்கிய யந்திரத்தை எழுப்புதல்

சங்கத்துக் கிட்டங்கியிலேயே பழைய செட்டு இருக்குமாயின், சாக்கை நீக்கியவுடன் கயிற்றை இழுக்கும் ஆவலை அடக்க வேண்டும். முதற்காரியம் பழைய பெட்ரோலை ஒட்ட வடித்து அப்புறப்படுத்துவது. சில மாதங்கள் தேங்கிய பெட்ரோல் வீரியமிழந்து, வார்னிஷ் போன்ற பிசினாகி, கார்பரேட்டரின் ஊசித்துளைகளை அடைத்துவிடும். ஓடாத ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுவே என்று பழகிய மெக்கானிக்குகள் கூறுவர்.

இக்காலத்தில் இந்நோய் மிகுவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துள்ளது. பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் திட்டத்தில் நம் நாடு 2022-இல் 10 விழுக்காட்டையும் 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் குணமுடையது. தென்காசியும் குற்றாலமும் சாரல் காலத்தில் எவ்வாறிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை, கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாளாயினும் உலராது. அத்தகைய காற்றில் பாதி நிரம்பிய தொட்டி மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது. ஈரம் மிகுந்ததும் எத்தனாலும் நீரும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்குகின்றன. கார்பரேட்டருக்குச் செல்லும் குழாய் தொட்டியின் அடியில்தானே இருக்கிறது? பெட்ரோலுக்கு மாறாக இந்த நீர்ச்சாராயமே உள்ளே சென்று இரும்பைத் துருவேற்றுகிறது. அடிப்பெட்ரோலில் சிறிது ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் இரு படலங்களாகத் தெரிவது கொண்டு இதை அறியலாம். எத்தனால் கலப்புக்கு முற்பட்ட காலத்துச் செட்டுகளில் ரப்பர் குழாய்களும் வளையங்களும் ஊறிப் பருத்தோ வெடித்தோ போயிருக்கும். சில நூறு ரூபாய்ச் செலவில் அவற்றை மாற்றிவிடுவது நலம்.

தொட்டியினுள் துரு கண்டால், அதைக் கழற்றி, ஒரு கைப்பிடி சிறு நட்டுகளையும் வினிகரையும் இட்டுக் குலுக்கி ஒருநாள் வைத்திருந்து கழுவலாம். வினிகர் கிடைக்காவிடில் செறிந்த புளிக்கரைசலும் ஓரளவு பயன்படும், பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் அதே புளிதான். பின்னர் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே வெயிலில் உலர்த்திச் சிறிது ஆயில் பூச வேண்டும். இல்லையேல் ஒரே இரவில் புதுத்துரு ஏறிவிடும்.

கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிச் சுத்தம் செய்வது எளிது. துளைகளைக் கம்பியால் குத்தலாகாது. குத்தினால் துளை பெரிதாகிப் பெட்ரோல் செலவு கூடும். கார்பரேட்டர் சுத்திகரிக்கும் திரவத்தைப் பீய்ச்சிக் காற்றால் ஊதுவதே முறை. அத்துடன் புகைக்குழல் வாயிலையும் தொட்டி மூடியிலுள்ள மூச்சுத்துளையையும் உற்று நோக்க வேண்டும். குளவி இவ்விரண்டையும் மண்ணால் அடைத்துவிடும். மூச்சுத்துளை அடைபட்ட யந்திரம் பத்து நிமிடம் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் மீண்டும் ஓடும். காரணம் தெரியாமல் பலர் கார்பரேட்டரையே மாற்றிவிடுகின்றனர். எலி கடித்த ஒயர்கள் உண்டா என்பதையும் கூடவே பார்த்துவிடலாம்.

கயிறு சிறிதும் அசையாவிடில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அத்துளையில் சிறிது ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஓரிரவு விட்டு, மறுநாள் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். வலிந்து இழுத்தால் கயிறும் அறும், உள்ளுறுப்பும் முறியும். வெள்ளத்தில் மூழ்கிய செட்டாயின் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போது கயிற்றை இழுத்தால், நீர் அழுந்தாத பொருளாகையால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். முதலில் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஆயிலையும் பெட்ரோலையும் வடித்து, சேற்றை நல்ல நீரால் கழுவி உலர்த்திய பின், புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, அவ்வாயிலையும் வடித்து மறுபடி புது ஆயில் இட வேண்டும்.

சுருள்களில் ஏறிய ஈரத்தை மறந்துவிடலாகாது. 500 வோல்ட் மெக்கர் கருவியால் அளந்தால் சுருளுக்கும் உடலுக்கும் இடையே தடை 1 மெகாஓமுக்குக் குறையாதிருக்க வேண்டும். அளக்குமுன் அழுத்தச் சீராக்கியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் அது கெடும். தடை குறைந்திருந்தால் நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாட்கள் காயவைக்கலாம். சாரல் மாதத்தில் வெயிலை எங்கே தேடுவது? அப்போது பெட்ரோல் முழுதும் வடித்துத் தொட்டியையும் அகற்றிய பின், 100 வாட் குண்டு பல்பு ஒன்றை அருகில் எரியவிட்டுத் தகரத்தால் மூடிவைத்து மெல்லச் சூடேற்றுவர்.

என்ஜின் நன்கு ஓடியும் மின்சாரம் வராத விந்தையும் சில பழைய செட்டுகளில் நிகழும். 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த தத்துவப்படி, காந்தப்புலமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று கடந்தாலே மின்சாரம் பிறக்கும். இச்சிறு யந்திரங்கள் பலவற்றில் தொடக்கக் காந்தம் என்பது இரும்பில் முன்பு ஓடியபோது தங்கிய எச்சக் காந்தமே. பல ஆண்டுகள் ஓடாது கிடந்தால் அது மங்கிவிடும். யந்திரம் கெட்டதென்று முடிவு கட்டி இரும்புக்கடைக்கு அனுப்பப்பட்ட நல்ல செட்டுகள் உண்டு என்று நாம் அறிவோம். கார்பன் பிரஷ் உள்ள செட்டாயின், 12 வோல்ட் பேட்டரியை முனை மாறாமல் பிரஷ் இணைப்புகளில் சில நொடிகள் தொடுத்துக் காந்தத்தை மீட்கலாம். பிரஷ் இல்லாத செட்டில் பெரும்பாலும் கண்டென்சரே பழுதாகியிருக்கும். இவ்வேலையை அங்கத்தினர் எவரும் தாமே செய்யத் துணியாது, தேர்ந்த எலெக்ட்ரீஷியனிடம் விடவேண்டும். ஓடாத யந்திரத்தின் கண்டென்சரும் ஆளை உதறக்கூடியது.

வழக்கமான பராமரிப்பு இதைவிட எளிது. ஆயிலை முதலில் 20 மணி நேர ஓட்டத்திலும், பின்னர் 100 மணிக்கொருமுறை அல்லது ஆறு மாதத்துக்கொருமுறையும் மாற்ற வேண்டும். இவற்றின் வயிறு சிறியது, பெரும்பாலான செட்டுகளுக்கு அரை லிட்டரை ஒட்டிய அளவே போதும். அந்தச் சிறிதளவைச் சிக்கனம் பிடிப்பதால் பல ஆயிரம் ரூபாய் யந்திரம் பாழாகிறது. பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். தறிக்கூடத்து அருகில் வைக்கப்படும் செட்டுக்கு ஏர் பில்டரே உயிர்நிலை. பஞ்சுத் தூசி பில்டரில் மெத்தைபோல் படிந்து மூச்சை அடைக்கும். என்ஜினைச் சுற்றியுள்ள குளிர்ச்சித் தகடுகளின் இடுக்கிலும் அது புகுந்து சூட்டை வெளியேற விடாது. கையேடுகள் 50 மணிக்கொருமுறை பில்டரைச் சுத்தம் செய்யச் சொல்லும். நெசவாளர் ஊரில் அதை வாரமொருமுறை என்று கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து.

பணி முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்பரேட்டரில் எஞ்சியது தீர்ந்து என்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிடும் பழக்கம் ஒன்றே பாதிப் பழுதைத் தவிர்க்கும். மாதமொருமுறை கால் மணி நேரம், பளுவோடு ஓட்டுவது மீதிப் பாதியைத் தவிர்க்கும். நீண்ட காலம் நிறுத்துவதாயின் தொட்டியையும் வடித்துவிடுக.

மண்ணெண்ணெயில் ஓடும் செட்டுகள் பற்றி ஒரு சொல். அவை பெட்ரோலில் புறப்பட்டு, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறி, நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற வேண்டியவை. பெட்ரோலுக்கென்றே அமைந்த செட்டில் மண்ணெண்ணெயை ஊற்றினால் என்ஜின் தட்டும், ஆயிலும் நீர்த்துப்போகும். ரேஷன் கடை நீல மண்ணெண்ணெய் குடும்ப அடுப்புக்கும் விளக்குக்கும் உரியது. அதை ஜெனரேட்டரில் ஊற்றுவது குற்றம். சங்கக் கணக்கில் அவ்வாறான செலவைக் காண நேர்ந்தால் தணிக்கையில் எழுதாது விட எவராலும் இயலாது.

உயிரைக் காக்கும் இரு விதிகள்

இதுகாறும் கூறியவை பணத்தைப் பற்றியவை. இனிக் கூறுவது உயிரைப் பற்றியது.

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் வடகரையில், நம் அச்சன்புதூருக்கு அருகிலுள்ள வடகரை அன்று, கேரளத்துக் கோழிக்கோடு மாவட்டத்து வடகரையில், சாலையோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்துகிடந்தனர். குளிர்சாதனத்துக்காக வண்டியின் ஜெனரேட்டரை ஓடவிட்டு உள்ளே உறங்கியிருந்தனர். அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று பின்னர் நடந்த ஆராய்ச்சியில் தெரியவந்தது. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சு திணறுவதும் தெரியாது. தலைவலியும் மயக்கமும் தோன்றும்போது எழுந்து நடக்கும் வலு போய்விடும். சாரல் தூறுகிறதே, யந்திரம் நனையுமே என்று எண்ணி அதைத் திண்ணையிலோ நடையிலோ தறிக்கூடத்து மூலையிலோ வைப்போர் நம்மிடையே உளர். சன்னல் திறந்திருக்கிறது என்பது சமாதானமாகாது. கதவு சன்னல்களிலிருந்து 20 அடிக்குக் குறையாத தூரத்தில், புகைக்குழல் வீட்டுக்கு எதிர்த்திசை நோக்க, வெளியில்தான் வைக்க வேண்டும். மழைக்கு நான்கு கால் நட்டு மேலே ஒரு தகரக்கூரை மட்டும் போட்டு, நாற்புறமும் திறந்துவிடலாம். கல்மேடை ஒன்று கட்டி அதன்மேல் வைத்தால் மழைநீரும் அண்டாது.

இரண்டாம் விதி கம்பியாளரைப் பற்றியது. இருமுனையும் ஆண்பிளக்காக அமைந்த ஒயர் ஒன்றைச் செய்து, ஜெனரேட்டர் மின்சாரத்தைச் சுவர்ச் சாக்கெட்டின் வழியே கட்டடத்துக்குள் செலுத்தும் குறுக்குவழி சில இடங்களில் வழக்கில் உள்ளது. மெயின் ஸ்விட்சை அணைக்க மறந்தால், அந்த மின்சாரம் மீட்டரைக் கடந்து தெருக்கம்பிக்குச் செல்லும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மரைப் பின்வழியாக அடையும். நமக்கு 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், பின்வழி வரும் மின்சாரத்தை உயர்த்தி அனுப்பும். லைன் அணைக்கப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கையில் கம்பத்தில் ஏறிய ஊழியரின் கை அக்கம்பியில் இருக்கும். 2023 வெள்ளத்தின்போது இடுப்பளவு நீரில் நின்று இரவு பகலாக வேலை செய்தவர்கள் அவர்களே. சங்கத்தின் சிறு செட்டொன்று அவர்களுள் ஒருவரது குடும்பத்தை அனாதையாக்கக்கூடும் என்பதை நிர்வாகக் குழுவினர் ஒவ்வொருவரும் உணர வேண்டும். நிரந்தரமாகக் கட்டடத்துக்கு இணைப்பதாயின், இரு கம்பிகளையும் ஒருங்கே மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்சை உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு அமைத்து, உரிய எர்த் இணைப்பும் தந்து, மின்வாரிய அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். அச்செலவைத் தீர்மானத்தில் சேர்க்காத ஜெனரேட்டர் கொள்முதலை நாம் முழுமையானதாகக் கருதுவதில்லை. இணைப்பு வேண்டாவெனில், தனி ஒயர் இழுத்து விளக்கையும் கருவியையும் செட்டிலேயே நேராக மாட்டிக்கொள்ளலாம். சிறு சங்கங்களுக்கு இதுவே சிறந்தது.

பெட்ரோல் ஊற்றுமுன் என்ஜினை நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிடுதல் வேண்டும். சட்டப்படி விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமமின்றி 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம், அதுவும் முறையான கலத்தில். நூலும் துணியும் உள்ள கிட்டங்கியில் ஒரு லிட்டர்கூட வைக்கலாகாது.

பதிவேடு

ஜெனரேட்டருக்கென ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குவது மிக அவசியம். தேதி, ஓடத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், ஊற்றிய பெட்ரோல், ஓட்டியவர் கையொப்பம், ஓட்டிய காரணம் ஆகியவை போதும். ஆயில் மாற்றிய நாளைச் சிவப்பு மையில் எழுதுக. சங்கத்தின் பெட்ரோல் எவ்வீட்டுத் திருமணப் பந்தலில் எரிந்தது என்ற வழக்குகள் பொதுக்குழுவில் எழாதிருக்க இந்நோட்டு உதவும். அங்கத்தினருக்கு வாடகைக்கு விடுவதாயின் அதற்கும் தீர்மானமும் கட்டணமும் முன்கூட்டியே வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் ஒருவராக இருந்தால் போதாது, அவர் வெளியூர் சென்ற நாளில்தான் மின்சாரம் நிற்கும். இருவருக்கேனும் பழக்கிவைக்கவும். அவருள் ஒருவர் பெண் அங்கத்தினராக இருப்பதில் தடையேதுமில்லை. கயிறு இழுப்பதற்குப் பெருவலிமை வேண்டியதில்லை, தார் சுற்றப் பழகிய கைக்கு அது எளிது.

பழைய செட்டு வாங்குகையில் விற்பவரிடமிருந்து ரசீதும், யந்திர எண் குறித்த உறுதிக்கடிதமும் பெற்றுக் கோப்பில் வைக்க வேண்டும். இவை இல்லாத யந்திரம் திருட்டுப் பொருளாயின் நிர்வாகக் குழுவே பதில் கூற நேரும். குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் பெறுவதும், அவற்றுள் புதுச் செட்டின் விலை ஒன்றையும் சேர்த்துக்கொள்வதும் நலம். பழையதின் விலையோடு பழுது நீக்கும் செலவையும் கூட்டினால் புதியதின் பாதிக்கு மேல் செல்லுமானால் நாம் புதியதையே பரிந்துரைப்போம்.

இத்தனை முயன்றும் சில யந்திரங்கள் எழா. சுருள் கருகி, சிலிண்டரும் தேய்ந்திருந்தால் அவற்றைச் சாக்குக்குள் திரும்ப அனுப்பித் தேய்மானம் எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மெக்கானிக்கின் எழுத்துமூலமான அறிக்கையைப் பெற்று, தீர்மானம் நிறைவேற்றி, உரிய அனுமதியுடன் ஏலத்தில் விட்டு, பதிவேட்டில் அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்துவிடலாம். ஏலத்துக்கு முன் ஆயிலையும் பெட்ரோலையும் வடித்து, எடையைக் குறித்துக்கொள்க. சுருளில் உள்ளது அலுமினியமா செம்பா என்பதையும் பார்த்து அறிவிப்பில் எழுதவும். செம்புச் சுருள் எனில் ஏலத்தொகையில் வேறுபாடு கணிசமாக இருக்கும்.